பல்லைப் பிடித்துப் பார், தம்பி!

இந்த வாரத் தபாலில் பாதிக்கு மேல் ஒரே ரகம்: "முதல் கார். செகண்ட் ஹேண்ட். சின்னதா இருக்கணும், ஆனா சீறணும்." சரி, இந்த வாரம் முழுக்க கார்தான். அரசியலும் ஜாதகமும் கேட்டவர்கள் அடுத்த வாரம் வரை பொறுத்தருள்க. இரண்டும் அதற்குள் மாறிவிடப் போவதில்லை.

மகனுக்கு 23 வயது. வேலைக்குப் போய் எட்டு மாதம்தான். பழைய காராக இருந்தாலும் 'ஸ்போர்ட்டி'யாகத்தான் வேண்டுமாம். அவனுக்குக் கொஞ்சம் புத்தி சொல்லுங்கள்.
— ஒரு தந்தை, திருச்சி

பழைய கார் என்றாரே, அதிலேயே புத்தி தெரிகிறதே! இன்சூரன்ஸ்காரர்களின் கணக்கில், நாலு வருஷம் தாண்டிய காரின் மதிப்பில் 50 சதவீதம் தேய்மானம். அந்தப் பாதியை முதல் ஓனர் கட்டிவிட்டார். மிச்சப் பாதிக்குத்தான் உங்கள் பையன் பேரம் பேசப் போகிறார். "வேண்டாம்டா" என்று சொல்லாதீர்கள். சொன்னால் உங்களுக்குத் தெரியாமல் வாங்குவார். "எந்த மெக்கானிக்கிட்ட காட்டினே?" என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வியில் பாதி ஆபத்து விலகிவிடும்.

ஸ்போர்ட்டி என்றால் என்ன சார்? சிவப்பு பெயிண்டா?
— திண்டுக்கல் வாசகர்

பெயிண்டும் இல்லை, பின்னால் நிற்கும் ஸ்பாய்லரும் இல்லை. எடையைக் குதிரைத்திறனால் வகுத்துப் பாருங்கள். 2018-ல் வந்த ஸ்விஃப்ட் பெட்ரோல் கார் 900 கிலோவுக்குள், 83 குதிரை. ஒரு குதிரை பத்தரை கிலோவைச் சுமந்தால் போதும். அதனால்தான் அது சிட்டாகப் பறக்கிறது. ஸ்டிக்கர் ஒட்டுவதால் ஒரு குதிரைகூட லாயத்துக்குள் வந்து சேராது. வாங்கும்போது அந்த ஸ்டிக்கருக்கும் சேர்த்துத்தான் விலை சொல்வார்கள், அவ்வளவுதான்.

கையில் ஐந்து லட்சம் இருக்கிறது. எவ்வளவு விலைக்கு வண்டி பார்க்கலாம்?
— முதல் சம்பளக்காரன், ஓசூர்

நாலு லட்சத்துக்கு. மீதி ஒரு லட்சத்தைக் கண்ணில் படாத இடத்தில் வையுங்கள். அது தானாகவே வந்து செலவாகும். நாலு டயர், பேட்டரி, பிரேக் பேட், கிளட்ச், எல்லா ஆயிலும் மாற்றும் ஒரு முழு சர்வீஸ் என்று வரிசையில் நிற்கும். பெயர் மாற்றச் செலவு தனி. இன்சூரன்ஸில் கட்டாயமான மூன்றாம் நபர் பாலிசிக்கு மட்டும் 2022 ஜூன் முதல் நிர்ணயித்த தொகை, 1000 சி.சி. வரை வருஷத்துக்கு 2,094 ரூபாய். 1000 முதல் 1500 சி.சி. வரை 3,416 ரூபாய், வரி தனி. சொந்த வண்டிச் சேதத்துக்கான பாலிசியை அதன்மேல் சேர்க்க வேண்டும். பொண்ணு பார்க்கப் போகும்போதே கல்யாணச் செலவுக்கு எடுத்து வைப்பதில்லையா? அது மாதிரிதான்.

நேரடியாகச் சொல்லுங்கள்: எந்தெந்த வண்டியைப் பார்க்கலாம்?
— கல்லூரி முடித்தவன், மதுரை

வேகத்துக்குப் பெயர் போன சின்ன கார்கள் நம் நாட்டில் கை விரல்களுக்குள் அடங்கும்.

ஸ்விஃப்ட்: 2005-ல் வந்தது முதல் இளைஞர்களின் முதல் காதல். முக்குக்கு முக்கு உதிரிபாகம், தெருவுக்குத் தெரு மெக்கானிக். ஒரு வேடிக்கை: 2021-ல் வந்த ஸ்விஃப்ட்டுக்கு 90 குதிரை, 2024-ல் வந்த புது ஸ்விஃப்ட்டுக்கு 82. மைலேஜ் கூடியது, குதிரை குறைந்தது. பழசு வாங்குபவருக்கு யோகம்தான்.

பலேனோ ஆர்.எஸ்.: 2017-ல் வந்து 2020-ல் மறைந்தது. ஒரு லிட்டர் டர்போ, 102 குதிரை, நாலு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக். அதிகம் விற்காததால் அதிகம் கிடைக்காது.

போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ.: 2013 முதல். 105 குதிரை, பிறகு 2020-ல் 110. 2022-ல் போலோவே நின்றது. நின்றபிறகுதான் ஊரே அதைத் தேடுகிறது. கதவைச் சாத்தும் சத்தத்துக்கே காசு கொடுப்பவர்கள் உண்டு.

ஃபிகோ 1.5 டீசல்: 100 குதிரை, 215 நியூட்டன் மீட்டர் இழுவை. சாது முகம், முரட்டுக் கால். இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக ஃபோர்டு 2021 செப்டம்பரில் அறிவித்தது. சர்வீஸ் தொடர்கிறது என்றாலும், உங்கள் ஊரில் அதைத் தொடும் மெக்கானிக் யார் என்று முதலில் விசாரித்துவிட்டு அப்புறம் வண்டியைத் தேடுங்கள்.

ஐ20 என் லைன்: 2021 முதல். 120 குதிரை டர்போ. வயசு குறைவு, விலை அதிகம்.

புன்டோ அபார்த்: 2015-ல் வந்தது, 145 குதிரை. இதை முதல் காராக வாங்குவது, நீச்சல் பழகக் கடலில் குதிப்பது மாதிரி. கம்பெனியே இந்தியாவில் கடையைக் கட்டிவிட்டது. ரசிகர்கள் வாங்கட்டும்; நீங்கள் ரசிகராக இருந்தால் போதும்.

என் ஓட்டு? முதல் வண்டிக்கு ஸ்விஃப்ட். தப்பு செய்தாலும் மன்னிக்கும்.

எங்க ஊர்ல ஒரு ஸ்பீடு கார் செஞ்சாங்களே, அதை விட்டுட்டீங்களே?
— கோபத்துடன், கோயம்புத்தூர்

விடுவேனா, ஏனுங்க கோபம்? டியாகோ ஜே.டி.பி. டாடாவும் உங்க ஊர் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸும் கூட்டுச் சேர்ந்து 2018 அக்டோபரில் கொண்டு வந்தது. 1.2 டர்போ பெட்ரோல், 114 குதிரை, தாழ்த்திய சஸ்பென்ஷன். விலையும் அப்போது ஆறரை லட்சத்துக்குள்தான். பி.எஸ். 6 விதி வந்த 2020-ல் கதை முடிந்தது. கிடைத்தால் அதிர்ஷ்டம். ஆனால் சாதாரண டியாகோவுக்கு பம்பரை மாற்றி ஜே.டி.பி. ஸ்டிக்கர் ஒட்டி விற்பவரும் இருக்கலாம். ஆர்.சி.யில் மாடல் பெயரைப் பாருங்கள், பானட்டைத் திறந்து டர்போ இருக்கிறதா என்று பாருங்கள்.

போலோ டி.எஸ்.ஜி. கியர்பாக்ஸ் பற்றி ஆளாளுக்குப் பயமுறுத்துகிறார்களே, உண்மையா?
— போலோ பித்தன், சேலம்

பாதி உண்மை, பாதி டீக்கடை. பழைய ஜி.டி. டி.எஸ்.ஐ.-யில் இருப்பது ஏழு கியர், இரண்டு உலர் கிளட்ச். கியர் மாறுவதே தெரியாது, அத்தனை அழகு. ஆனால் வெயிலில், நத்தை வேக டிராஃபிக்கில் கிளட்ச் சூடேறும். கியரை ஆளும் மெக்கட்ரானிக் என்ற மூளைப்பெட்டி மண்டையைப் போட்டால் பில் லட்சத்தைத் தொட்டுக் கும்பிடும். ஓட்டிப் பார்க்கும்போது நெடுஞ்சாலைக்குப் போகாதீர்கள். சந்தைத் தெருவுக்குள் அரை மணி நேரம் ஊர்ந்து பாருங்கள். முதல் கியரிலிருந்து இரண்டுக்குப் போகும்போது உதறினாலோ, ஏற்றத்தில் தயங்கினாலோ, கியர் எழுத்துகள் மினுக்கினாலோ சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நன்றி சொல்லுங்கள். மெக்கட்ரானிக்கை ஏற்கெனவே மாற்றி, பில்லும் வைத்திருக்கிறார் என்றால் தாராளமாகப் பேசலாம்.

"டாக்டர் ஓட்டிய வண்டி" என்கிறார் புரோக்கர். நம்பலாமா?
— ராஜபாளையம் வாசகி

தமிழ்நாட்டில் விற்பனைக்கு வரும் பழைய கார்களை எண்ணினால், நம்மிடம் இருக்கும் டாக்டர்கள் போதாது. மிச்சமுள்ளவை எல்லாம் "லேடீஸ் ஓட்டினது, கோயிலுக்கு மட்டும் எடுத்தது". வண்டிக்குப் பட்டம் வேண்டாம், சர்வீஸ் ரெக்கார்டு போதும். அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் வண்டி எண்ணைச் சொன்னால் தேதியும் கிலோமீட்டரும் வரும். ஸ்போர்ட்டி கார் விஷயத்தில் இன்னொன்றும் உண்டு. காரைப் பார்க்குமுன் விற்பவரைப் பாருங்கள். ஆயில் எப்போது மாற்றினீர்கள் என்றதும் தேதியும் கிரேடும் சொல்பவரிடம் லட்சம் கிலோமீட்டர் ஓடிய வண்டியைக்கூட வாங்கலாம். "அதெல்லாம் பக்கா சார், ஒரு தடவை மிதிச்சுப் பாருங்க" என்பவரிடம் முப்பதாயிரம் ஓடியதையும் வாங்காதீர்கள். நீங்கள் வாங்குவது அவருடைய வலது காலின் பழக்கத்தை.

மீட்டரைத் திருப்பி வைத்திருக்கிறார்களா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
— விழுப்புரம் வாசகர்

மீட்டர் பொய் சொல்லும், ரப்பர் சொல்லாது. மீட்டரில் 28,000 கிலோமீட்டர். ஆனால் கிளட்ச் பெடல் ரப்பர் வழுக்கைத் தலை மாதிரி மின்னுகிறது, ஸ்டியரிங்கின் தோல் பளபளக்கிறது, டிரைவர் சீட்டின் வலது ஓரம் நசுங்கிக் கிடக்கிறது என்றால் அந்த 28,000-க்கு முன்னால் ஒரு எண் காணாமல் போயிருக்கிறது. அடுத்தது டயர். மாட்டுச் சந்தையில் வயசு தெரிய மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள். காருக்குப் பல் டயர்தான். பக்கவாட்டில் ஒரு சின்ன முட்டைவட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம். 2019 மாடல் வண்டி, 28,000 ஓடியது என்கிறார். நாலு டயரும் 2022-ல் செய்தவை என்றால், முதல் செட் எங்கே போயிற்று? கேளுங்கள். பதில் வருவதற்குள் அவர் மூன்று தடவை தலையைச் சொறிவார். (தானமாக வந்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது. நாம் காசு கொடுக்கிறோம்.)

வெள்ளத்தில் மூழ்கிய வண்டி என்று தெரிந்துகொள்ள வழி?
— வேளச்சேரி வாசகர்

உங்கள் ஊரில் இருந்துகொண்டு கேட்பதால் நியாயமான கேள்வி. 2015 டிசம்பர், 2023 டிசம்பர் என்று சென்னைக் கார்கள் இரண்டு பெரிய முங்கு முங்கி எழுந்திருக்கின்றன.

என் கதை சொல்கிறேன். 2015 வெள்ளத்துக்கு அடுத்த வருஷம், முதல் கார் தேடி அலைந்தேன். ஒரு யார்டில் கருநீல நிறத்தில் ஒரு ஹேட்ச்பேக். உள்ளே ஏறினால் மல்லிகை சென்ட் மணம், பளபளக்கும் சீட் கவர். விலையோ மார்க்கெட்டைவிட நாற்பதாயிரம் கம்மி. நான் அட்வான்ஸ் கொடுக்கப் பையில் கை விட்டேன். கூட வந்த மாமா ஒன்றும் பேசவில்லை. பின்சீட்டில் உட்கார்ந்தார். சீட் பெல்ட்டைப் பிடித்து இழுத்தார். வழக்கமாக நாம் இழுக்கும் அளவுக்கு வந்தது, சுத்தமாக இருந்தது. அவர் நிறுத்தவில்லை, இழுத்துக்கொண்டே இருந்தார். கடைசி ஒரு அடி வெளியே வந்தபோது பெல்ட்டின் குறுக்கே ஒரு பழுப்புக் கோடு. கோட்டுக்கு அந்தப் பக்கம் கறுப்பு, இந்தப் பக்கம் வண்டல் நிறம். ஏரிக்கரையில் தண்ணீர் நின்ற அடையாளம் இருக்குமே, அச்சு அசல். மாமா பெல்ட்டை விட்டார். அது ஒழுங்காக உள்ளே போகவில்லை, மண் அரைபடும் சத்தத்தோடு தயங்கித் தயங்கிப் போனது. "வாடா, காபி சாப்பிடலாம்" என்றார். அன்றைக்கு அந்தக் காபி எனக்கு நாலு லட்சம் மிச்சம் பிடித்தது.

நீங்களும் இழுங்கள். ஸ்டெப்னி கிடக்கும் பள்ளத்தைத் தடவுங்கள், சீட்டுக்கு அடியில் தண்டவாளம் துருப்பிடித்திருக்கிறதா என்று செல்போன் வெளிச்சத்தில் பாருங்கள், தரைவிரிப்பைத் தூக்கி மோந்து பாருங்கள். சென்ட் வாசனை தூக்கலாக அடிக்கும் காரில் மூக்கை இன்னும் கூர்மையாக்குங்கள்.

ஓனர் வீட்டுக்குப் போனபோது வண்டி ஏற்கெனவே ஸ்டார்ட்டில் இருந்தது. நல்ல சகுனமா?
— நாகர்கோவில் வாசகர்

அபசகுனம். எஞ்சின் நோய் காலையில்தான் தெரியும். நாள்பட்ட இருமல்காரரை மத்தியானம் பார்த்தால் நல்லாத்தான் இருப்பார். "வண்டியைத் தொடாதீங்க, நான் வந்து ஸ்டார்ட் பண்றேன்" என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். போனதும் பானட்மேல் கை வையுங்கள். சுட்டால் அவர் உங்களுக்கு முன்னாலேயே மருந்து கொடுத்துவிட்டார். ஸ்டார்ட் பண்ணும்போது நண்பரைப் பின்னால் நிறுத்துங்கள். நீலப் புகை வந்தால் எஞ்சின் ஆயில் குடிக்கிறது; நிற்காமல் வெள்ளைப் புகை வந்தால் கூலண்ட் எரிகிறது. ஆயில் மூடியைத் திறந்தால் அடியில் பால் கலந்த காபி நிறத்தில் கூழ் மாதிரி இருந்தால், ஆயிலும் தண்ணீரும் கூடாநட்பு கொண்டிருக்கலாம். அந்த நட்பைப் பிரிக்கிற செலவு உங்களுடையது.

அடிபட்டுப் பட்டி பார்த்த வண்டி என்று எப்படித் தெரியும்?
— தஞ்சாவூர் வாசகர்

கதவைத் திறந்து, ஓரத்து ரப்பரை மெல்ல உரித்துப் பாருங்கள். கம்பெனி வெல்டிங் சீரான இடைவெளியில் குட்டிக் குட்டிப் பள்ளங்களாக இருக்கும், பணியாரச் சட்டி மாதிரி. அது மழுங்கியிருந்தால், அல்லது ஒரு பக்கம் இருந்து மறுபக்கம் இல்லாவிட்டால், டிங்கர் கை வைத்திருக்கிறார். ஃபெண்டர் போல்ட்டில் ஸ்பேனர் பட்டு பெயிண்ட் உதிர்ந்திருந்தால் கழற்றி மாட்டியிருக்கிறார்கள். பம்பரில் கீறல், கதவில் உரசல் எல்லாம் நம் ஊர் ரோட்டுக்குத் திருஷ்டிப் பொட்டு. பில்லரிலும் முன்பக்க சேசிஸ் காலிலும் வேலை செய்திருந்தால் மட்டும் கும்பிடு போட்டு வந்துவிடுங்கள்.

ஏர்பேக் இல்லாத பழைய ஸ்விஃப்ட் விலை குறைவாகக் கிடைக்கிறது. நான் மெதுவாகத்தான் ஓட்டுவேன்.
— நிதானஸ்தன், கரூர்

எதிரே வருபவரும் உங்களைப்போல நிதானஸ்தர் என்று எழுதிக் கொடுத்தாரா? 2014-ல் குளோபல் என்கேப் சோதனையில் ஏர்பேக் இல்லாத ஸ்விஃப்ட்டுக்கும் பூஜ்யம், ஏர்பேக் இல்லாத போலோவுக்கும் பூஜ்யம். அதே போலோ, இரண்டு ஏர்பேக்கோடு நாலு நட்சத்திரம் வாங்கியது. இரண்டு ஏர்பேக், ஏ.பி.எஸ். இருக்கும் வேரியன்ட்டாகத் தேடுங்கள். ஒரு மாடல் பழசானாலும் சரி. இருக்கும் ஏர்பேக்கையும் சோதியுங்கள். சாவியைத் திருப்பியதும் மீட்டரில் ஏர்பேக் விளக்கு எரிந்து, சில நொடியில் அணைய வேண்டும். அணையாவிட்டால் கோளாறு. எரியவே இல்லை என்றால் அதைவிடப் பெரிய கோளாறு: ஏர்பேக் ஒருமுறை வெடித்து, மாற்றாமல், விளக்கைப் பிடுங்கிவிட்டிருக்கலாம்.

ரீமேப், எக்ஸாஸ்ட், பெரிய அலாய் எல்லாம் போட்ட வண்டி. ஓனர் செலவு பண்ணதே ஒன்றரை லட்சமாம். லாபம்தானே?
— ஈரோடு இளைஞன்

அவருக்கு லாபம். அடுத்தவர் கல்யாணத்தில் போட்ட மேக்கப்புக்கு நீங்கள் ஏன் மொய் எழுத வேண்டும்? ரீமேப் செய்தால் எஞ்சினுக்கு வலு கூடும்; கிளட்ச், கியர்பாக்ஸ், டர்போ எல்லாம் பழைய சம்பளத்துக்கே அதிக வேலை பார்க்கும். விற்கும்போது மேப்பைப் பழையபடி மாற்றிவிடுவார்கள், ஆனால் தேய்ந்தது தேய்ந்ததுதான். சட்டமும் உங்கள் பக்கம் இல்லை. தயாரிப்பாளர் கொடுத்த வடிவத்துக்கு முரணாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறது. கிளெய்ம் நேரத்தில் இன்சூரன்ஸ் சர்வேயர் முதலில் பார்ப்பது அந்தச் சைலன்சரைத்தான். ஸ்கேனர் மாட்டச் சொல்லிப் பழைய கோளாறுக் குறியீடுகளைப் பாருங்கள். முந்தின நாள்தான் அழித்திருந்தால் அதையும் ஸ்கேனர் காட்டிக்கொடுத்துவிடும்.

நண்பனின் நண்பன்தான் விற்கிறான். பேர் மாற்றம் மெதுவாகப் பண்ணிக்கலாம் என்கிறான்.
— வேலூர் வாசகர்

அவனுடைய நன்மைக்காகவும் விடாதீர்கள். பல கை மாறியும் பேர் மாறாத ஒரு காரின் விபத்து வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. ஆர்.சி.யில் யார் பெயரோ அவரே ஓனர், நஷ்டஈடு அவர் தலையில் என்று 2018-ல் தீர்ப்பு. இது விற்பவருக்கான பயம். வாங்குபவருக்கு இன்னொன்று: பாலிசி உங்கள் பேருக்கு மாறாவிட்டால், காரை நீங்கள் இடித்தால் கம்பெனி கை விரிக்கும். படிவம் 29 விற்பவர் தரும் தகவல், படிவம் 30 பேர் மாற்ற விண்ணப்பம். அதே மாநிலத்துக்குள் என்றால் விற்றவர் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். வாங்கியவருக்கு 30 நாள். பாலிசி மாற்றத்துக்கு 14 நாள். நட்பு நாள் கணக்குப் பார்க்காது, சட்டம் பார்க்கும்.

பேப்பரில் வேறென்ன பார்க்க வேண்டும்? சுருக்கமாக.
— அவசரக்காரன், தூத்துக்குடி

எம்-பரிவாகனில் எண்ணைத் தட்டுங்கள். கடன் இருந்தால் பேங்க் பெயர் நிற்கும். தடையில்லாச் சான்றும் படிவம் 35-ம் இல்லாமல் பணம் தராதீர்கள். பாக்கி அபராதச் செலான்களைப் பாருங்கள். ஸ்போர்ட்டி வண்டியில் அதுவே ஒரு குணச்சான்றிதழ். அதிவேகத்துக்கே ஆறு செலான் என்றால் எஞ்சினைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. சேசிஸ் நம்பரை ஆர்.சி.யோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பாருங்கள். பழைய ஃபாஸ்டேக்கைக் கிழித்துக் கொடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் உங்கள் சுங்கச்சாவடிக்கு அவர் மொய் எழுதுவார்.

ஓனருக்கு 50 சதவீதம் நோ கிளெய்ம் போனஸ் இருக்கிறதாம். வண்டியோடு எனக்கு வருமா?
— புதுக்கோட்டை வாசகர்

வராது. அது அவர் நிதானத்துக்குக் கிடைத்த பரிசு, வண்டிக்குக் கிடைத்ததல்ல. எடுத்துக்கொண்டு போய்விடுவார். நீங்கள் பூஜ்யத்திலிருந்து சேர்க்க வேண்டும்.

டெல்லி வண்டி பாதி விலைக்குக் கிடைக்கிறதே?
— நாமக்கல் வாசகர்

டீசல் என்றால் 10 வருஷம், பெட்ரோல் என்றால் 15 வருஷம் என்று டெல்லியில் வயசுக் கெடுபிடி வந்ததிலிருந்து, அங்கே ரிட்டயர் ஆகும் வண்டிகள் தெற்கே வேலை தேடி வருகின்றன. விலை குறைவுதான். ஆனால் அங்கிருந்து தடையில்லாச் சான்று, இங்கே மறுபதிவு, வண்டி வயசுக்கேற்ப லைஃப் டாக்ஸ், லாரி வாடகை, புரோக்கர் கமிஷன் எல்லாம் கூட்டிப் பாருங்கள். வெளிமாநில எண்ணோடு 12 மாதத்துக்குமேல் ஓட்டவும் முடியாது. முதல் வண்டிக்கு இந்த அலைச்சல் வேண்டாம். பெண் எடுப்பதும் வண்டி எடுப்பதும் விசாரிக்கிற தூரத்தில் இருக்கட்டும்.

நேரடி ஓனரா, டீலரா?
— காஞ்சிபுரம் வாசகி

ஓனரிடம் விலை குறைவு, கதை உண்மை. டீலரிடம் வசதி அதிகம், கதையும் அதிகம். டீலர் என்றால், 2023 ஏப்ரல் முதல் பழைய வண்டி வியாபாரிக்கு ஆர்.டி.ஓ. அங்கீகாரச் சான்று வேண்டும் என்ற விதி வந்திருக்கிறது. சுவரில் மாட்டியிருக்கிறாரா என்று பாருங்கள். சுவரில் சாமி படம் மட்டும் இருந்தால், சாமியைக் கும்பிட்டுவிட்டு வாருங்கள்.

நான் பெண். கார் பார்க்கப் போனால், "வீட்ல யாரும் வரலையாம்மா?" என்கிறார்கள். எரிச்சலாக இருக்கிறது.
— 25 வயது, பெருங்குடி

"வந்திருக்காங்களே, நான்தான்" என்று சொல்லிவிட்டு நேரே டயர் பக்கம் குனிந்து தேதியைச் சத்தமாகப் படியுங்கள். பிறகு டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்துத் திரும்ப விட்டு எடுத்து, "கடைசியா என்ன கிரேடு ஆயில் ஊத்தினீங்க?" என்று கேளுங்கள். அதற்குப் பிறகு "அம்மா" போய் "மேடம்" வரும். விலையிலும் பத்தாயிரம் இறங்கும்.

என் கார் 2018 மாடல். இ20 பெட்ரோல் போட்டால் எஞ்சின் போய்விடுமா?
— அம்பாசமுத்திரம் வாசகர்

நாளைக்கே போய்விடாது, தூங்குங்கள். 2023 ஏப்ரலுக்கு முந்தைய கார்களில் பெரும்பாலானவை இ20-க்கென்றே செய்யப்பட்டவை அல்ல. மைலேஜ் கொஞ்சம் குறையும். ஃபியூவல் பைப், ரப்பர் சீல்களை ஒவ்வொரு சர்வீஸிலும் பார்க்கச் சொல்லுங்கள். மாதக்கணக்கில் டேங்கில் பெட்ரோலை ஊறப்போட்டு வைக்காதீர்கள். ஓட்டத்தானே வாங்கினீர்கள்?

மகளுக்கு 18. பழைய ஸ்விஃப்ட் ஸ்போர்ட் கேட்கிறாள். இங்கே என்ன பார்க்க வேண்டும்?
— ஒரு தாய், லண்டன்

கொடுத்துவைத்தவர்கள். அந்த ஸ்விஃப்ட் ஸ்போர்ட் எங்கள் ஊரில் விற்கவே இல்லை! உங்கள் ஊரில் வரிசை தலைகீழ்: முதலில் இன்சூரன்ஸ் விலை கேளுங்கள், அப்புறம் கார். புது லைசென்ஸ்காரருக்கு, வேகக் காருக்கு, ஒரு வருஷப் பிரீமியம் பழைய காரின் விலையையே எட்டிப் பிடிக்கும். கார்களை 1 முதல் 50 வரை இன்சூரன்ஸ் குழுக்களாகப் பிரித்திருக்கிறார்கள். சின்ன எண் சின்னப் பில். "அம்மா பேரில் போட்டு மகள் ஓட்டட்டும்" என்ற நம்மூர் யோசனை அங்கே மோசடி. கிளெய்ம் வராது, வழக்கு வரும். எம்.ஓ.டி. வரலாறு அரசு தளத்தில் இலவசம், எண்ணைத் தட்டினால் வருஷாவருஷம் கிலோமீட்டரும்... மன்னிக்க, மைலும் வந்துவிடும். 'கேட் எஸ்' என்றால் உடற்கட்டிலேயே அடிபட்டு இன்சூரன்ஸ் கைவிட்ட வண்டி. மகளிடம் ஒன்று மட்டும் சொல்லுங்கள்: லைசென்ஸ் வாங்கிய இரண்டு வருஷத்துக்குள் ஆறு பாயின்ட் சேர்ந்தால் லைசென்ஸ் பறிபோகும், திரும்ப முதலிலிருந்து தேர்வு.

எனக்கு 17 வயசு. அப்பா வண்டியைத் தெருவுக்குள் மட்டும் ஓட்டலாமா?
— பெயர் வேண்டாம், அப்பா படிப்பார்

அப்பா படிக்கட்டும் என்றே எழுதுகிறேன். நீங்கள் ஓட்டி மாட்டினால் அவருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்று வருஷம் வரை சிறையும். வண்டியின் பதிவு 12 மாதம் ரத்து. உங்களுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. ஒரு வருஷம் பொறுப்பதா, எட்டு வருஷம் பொறுப்பதா? கணக்கு உங்களுக்கு வரும் என்று நினைக்கிறேன்.

டர்போ வாங்கியாச்சு. ஈ.சி.ஆரில் ராத்திரி ஒரு 'பிடி' பிடிக்கலாமா?
— வேகன், சென்னை

ஈ.சி.ஆரில் ராத்திரி மாடு படுத்திருக்கும், மீன்கூடை சைக்கிள் வரும், லைட் இல்லாத டிராக்டர் வரும். அவர்கள் யாரும் உங்களோடு பந்தயத்துக்குச் சம்மதிக்கவில்லை. பிடிக்க ஆசை என்றால் இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டர் டிராக் இருக்கிறது. கோவை செட்டிப்பாளையத்தில் கரி ஸ்பீட்வே 2.1 கிலோமீட்டர். நாள் விசாரித்து, ஹெல்மெட்டோடு போங்கள். முதல் வளைவிலேயே ஒன்று புரியும்: உங்கள் வண்டிக்கு வேகம் போதும், உங்களுக்குத்தான் இன்னும் பழக வேண்டும். அந்தப் பாடம் கிடைக்க இதைவிடப் பத்திரமான இடம் இல்லை.

பேரம் பேச எனக்கு வரவே வராது. என்ன செய்ய?
— சங்கோஜி, கும்பகோணம்

மாட்டுச் சந்தையில் துண்டைப் போட்டு மூடி, உள்ளே விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். வாய் பேசாது. நீங்களும் பேச வேண்டாம். மெக்கானிக் எழுதிக் கொடுத்த சீட்டை நீட்டுங்கள்: டயர் நாலு, முன் பிரேக் பேட், கிளட்ச் தேய்மானம், ஆளுக்கு ஒரு தொகை, கீழே கூட்டல். பிறகு சும்மா இருங்கள். மௌனத்தைத் தாங்க முடியாதவர்தான் முதலில் விலையைக் குறைப்பார். இருட்டிலும் மழையிலும் மட்டும் வண்டி பார்க்காதீர்கள். ஈரத்தில் எல்லா பெயிண்ட்டும் புதுசு.

காதலியா, காரா?
— குழப்பத்தில், பழனி

காருக்கு ஆர்.சி. மாற்ற முப்பது நாள் டைம் கொடுக்கிறார்கள். காதலியிடம் கேட்டுப் பாருங்கள்.

வாங்கிவிட்டேன் சார்! ஸ்விஃப்ட், ஒரே ஓனர், பெல்ட்டை முழுசாக இழுத்துப் பார்த்தேன். முதல் நாள் என்ன செய்ய?
— அதே முதல் சம்பளக்காரன், ஓசூர்

வாழ்த்துகள். எலுமிச்சம்பழம் ஏற்றுங்கள், அம்மாவை முன்சீட்டில் உட்கார வையுங்கள். மறுநாள் காலை ஆயில், ஃபில்டர், கூலண்ட், பிரேக் ஆயில் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். பழைய ஓனர் என்ன சொல்லியிருந்தாலும் சரி. அன்றைய கிலோமீட்டரை ஒரு நோட்டில் எழுதுங்கள். அதுதான் உங்கள் கணக்கின் முதல் வரி. நாளைக்கு நீங்கள் விற்கும்போது ஒரு பையன் வந்து, "ஆயில் எப்போ மாத்தினீங்க சார்?" என்று கேட்பான்.

அடுத்த ஐந்நூறு கிலோமீட்டர் மிதிக்காதீர்கள். சந்தையில் காளை வாங்கியவர் அன்றைக்கே அதை வண்டியில் பூட்டி விரட்ட மாட்டார். கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு ஊர் வரை நடத்தியே கூட்டிவருவார். வழியில் தண்ணீர் காட்டுவார், எந்தக் காலைச் சாய்த்து வைக்கிறது என்று பார்ப்பார். மாடும் புது ஆளின் நடையைப் பார்த்துக்கொண்டே வரும்.

ஓசூர்வரை நடத்திக் கூட்டிப் போங்கள்.